காஞ்சனபுரியில் நம் ஆட்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

கேட்கப்பட்டது: "என் தாத்தாவின் அண்ணன் மலேயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்களாம். திரும்பி வரவில்லை. டிசம்பரில் 74 வயதாகும் அப்பாவோடு பாங்காக் போகிறேன். காஞ்சனபுரிக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியும். என்னென்ன பார்க்கலாம்? பெரியவரின் கல்லறை அங்கே எங்காவது இருக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அப்பாவை அங்கே கூட்டிப்போக வேண்டும். கல்லறை இருக்காது. உங்கள் அப்பாவின் பெரியப்பாவுக்கு மட்டுமல்ல, அந்தப் பாதையில் செத்துப்போன எந்தத் தமிழ்த் தொழிலாளிக்கும் பெயர் பொறித்த கல்லறை ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை. நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை இது தெரியாமல் போய், வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போய், கடைசி வரிசையில் நின்றபோது நெஞ்சு அடைத்துவிட்டது. அப்பாவுக்கு அது நேரக் கூடாது. புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்லறை இல்லை என்பதால் அவர்களுடைய தடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தடம் இருக்கிறது, ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. அப்பாவுக்கு ரயிலில் போகும்போது சொல்ல உதவும். 1942இல் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்துவிட்டது. பர்மாவில் இருந்த படைக்கு உணவும் குண்டும் கடல் வழியாகப் போக வேண்டும். அந்தக் கடலிலோ நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள். ஆகவே நம்மவர் சயாம் என்று சொன்ன தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை காட்டையும் மலையையும் அறுத்துக்கொண்டு 415 கிலோமீட்டருக்கு இருப்புப்பாதை போட்டார்கள். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் கொங்கொய்தா என்ற இடத்தில் சேர்ந்துவிட்டன. பதினாறு மாதத்தில் முடிந்த வேலை. முடித்தவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்த ஆசியத் தொழிலாளர்களும். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

போர்க்கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். முதல் எண்ணிக்கைக்கு ஆளாளுக்குப் பெயரும் தேதியும் உண்டு. இரண்டாவது எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. 80 ஆயிரமா ஒரு லட்சமா என்று சொல்ல முடியாத இடைவெளிக்குள் இருபதாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெரியவரும் அந்தக் கணக்கில் எங்கோ இருக்கிறார்.

தோட்டத்து ஆட்கள் ஏன் போனார்கள் என்று அப்பா கட்டாயம் கேட்பார். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கைத் தின்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, தங்க இடம், மூன்றே மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயிலேறிய குடும்பங்களும் உண்டு. மூன்று மாதம் கழித்து யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் சேர்வது நின்றுபோனது. அதன்பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டுத் தோட்டக் கணக்கர்களான கிராணிமார் வழியாகப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து வாசலில் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போன கதையை மலேசியாவின் பழைய தோட்டக் குடும்பங்களில் இன்றும் கேட்கலாம். சயாமுக்குப் போவதிலிருந்து தப்பவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் இருந்தார்கள்.

இன்னொரு விவரமும் உண்டு, எனக்கு எப்போது நினைத்தாலும் தாங்காதது. இந்தப் பாதைக்கு வேண்டிய தண்டவாளத்தில் ஒரு பகுதியை மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். மலேயாவில் ரயில் பாதை போட்டதில் தமிழ்க் கூலிகளின் உழைப்பு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரும்பையும் கொண்டுபோனார்கள், அந்த ஆட்களையும் கொண்டுபோனார்கள்.

இனி காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். வேன், பேருந்து எல்லாம் உண்டு. ஆனாலும் ரயிலில் போங்கள் என்பேன். தொன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று எனச் சாதாரண வண்டிகள் புறப்படுகின்றன. காலை வண்டி 7.45 வாக்கில். நேரத்தை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். வெளிநாட்டவருக்கு 100 பாட் என்று ஒரே கட்டணம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு முதுகுவலி இருந்தால் ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நோங் பிளாடுக்கைத் தாண்டிக் கிளைப் பாதையில் திரும்பும் இடத்தில்தான் அந்த 415 கிலோமீட்டர் தொடங்குகிறது. அங்கிருந்து நீங்கள் உட்கார்ந்து போவது அவர்கள் போட்ட தடத்தின் மேல்.

இறங்கியதும் பாலத்துக்கு ஓட வேண்டாம். எல்லாரும் செய்வது அதுதான், அதனால்தான் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடந்தே போகலாம். அங்கே தொடங்குங்கள்.

5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சுக்காரர்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி, தாழ்வான கல் மேடைகள், ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, எண், இறந்த நாள், வயது. பல தகடுகளில் கீழே வீட்டார் எழுதித் தந்த ஒரு வரியும் இருக்கும். 22, 24, 21 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் அவன் எந்த நாட்டுக்காரன் என்பதெல்லாம் மறந்துவிடும். அவர்கள்மேல் நமக்கு எந்த மனத்தாங்கலும் வேண்டியதில்லை. அதே மழையில் அதே சேற்றில் செத்த பிள்ளைகள்தான். ஓரிடத்தில் இரண்டு கல்லறைகளுக்குள் 300 பேரின் சாம்பல் இருக்கிறது. 1943 மே, ஜூனில் காலரா வந்தபோது எரிக்கப்பட்டவர்கள். அவர்கள் பெயர்களையும் தேடிப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எரித்துச் சாம்பலாக்கியவனின் பெயர் கிடைத்திருக்கிறதே, நம் ஆள் பெயர் ஏன் கிடைக்கவில்லை? நீங்கள் கேட்ட கேள்வியின் வேர் இதுதான். இதற்கு விடை தெரிந்தால் அங்கே பார்ப்பதெல்லாம் புரியும்.

போர்க்கைதிகள் ராணுவமாகவே சிறைப்பட்டவர்கள். அவர்களுக்கு அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், ஆள் பட்டியல் இருந்தது. முகாமில் ஒருவன் இறந்தால் எங்கே புதைத்தார்கள், எந்த நாள், என்ன நோய் என்று கிடைத்த காகிதத்தில் எழுதி, காவலாளி கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். சிலவற்றைப் புட்டியில் போட்டுக் கல்லறையிலேயே புதைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு சிறு குழு அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு பாதை முழுக்கப் போனது. 144 இடுகாடுகள், 10,549 கல்லறைகள். அவற்றில் அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே. காட்டுக்குள், மழைக்காலம் முடியும் நேரத்தில் செய்த வேலை அது. மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்குச் செய்த கடமைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து குறைவு.

தோட்டத்து ஆட்களுக்கு அந்த அமைப்பே இல்லை. பல தோட்டத்துக்காரர்களைக் கலந்து அள்ளிக்கொண்டுபோய் முகாம்களில் கொட்டினார்கள். பக்கத்தில் படுத்திருப்பவன் ஊர் தெரியாது. எழுதத் தெரிந்தவர் குறைவு, எழுதச் சொன்னவர் யாருமில்லை. மருத்துவர் கிடையாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி, மலக்குழியை மூடி வை என்று ராணுவ முகாமில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இங்கே அதைச் சொல்லவும் ஆளில்லை, கொதிக்க வைக்கப் பாத்திரமும் இல்லை. அதனால் அதே காலரா இங்கே வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது. பிறகு 1943 நடுவில் சாவு கைமீறிப் போனதும், போர்க்கைதிகளில் இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்று இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். மருந்து கொடுத்து அனுப்பவில்லை. போனவர்களிலும் பலர் திரும்பவில்லை. நம்மவர்கள் பட்ட பாட்டைப் பற்றி எழுத்தில் கிடைப்பதில் கணிசமான பகுதி இந்த மருத்துவர்களும் மற்றக் கைதிகளும் எழுதி வைத்ததுதான். நம் ஆள் சாவுக்குச் சாட்சியாக இருந்தவன் இன்னொரு கைதி.

கல்லறைத் தோட்டத்தின் நுழைவு மண்டபத்தில் ஒரு பலகையைத் தேடிப் பாருங்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தாய்லாந்தில் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, பின்னர் அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனவர்கள். பெரும்பாலோர் இதைக் கவனிக்காமலே உள்ளே போய்விடுகிறார்கள். பாதை போட்ட தொழிலாளிகளின் பெயர்கள் அல்ல இவை. ஆனாலும் நம் பக்கத்துப் பெயர்கள் என்று அந்தத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்தவை இவ்வளவுதான்.

அருகிலேயே தாய்லாந்து - பர்மா ரயில்வே மையம். 2003இல் திறந்த அருங்காட்சியகம். இதற்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். பாதையின் பெரிய மாதிரி, முகாம்களின் பட்டியல், நோய்களின் கணக்கு, எல்லாம் நிதானமாக, மிகைப்படுத்தாமல் வைத்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களை ஓரத்தில் தள்ளாத இடம் இது. மாடியில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் முழுக் கல்லறைத் தோட்டமும் தெரியும். அப்பா உட்கார விரும்பினால் உட்காரட்டும்.

அதன்பிறகு வாட் தாவொர்ன் வராராம். வழி கேட்கும்போது வாட் யுவான் என்றும் சொல்லலாம். வியட்நாமியர் கட்டிய பௌத்தக் கோயில், கல்லறைத் தோட்டத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வெயிலாக இருந்தால் ஒரு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போக வேண்டிய இடம் இது. உங்கள் பயணமே இதற்குத்தான் என்றுகூடச் சொல்வேன். போருக்குப் பிறகு ஊரைச் சுற்றி அகப்பட்ட தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து இந்த வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அதன்மேல் ஒரு தூபி இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில். எந்த நாட்டுக்காரர், எந்த மதம் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அந்தத் துறவிகள் பிரிக்கவும் நினைக்கவில்லை.

இதே வளாகத்தில் 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். மலேசியாவில் இந்த வரலாற்றைத் தேடி வருகிறவர்கள் பல ஆண்டுகள் உழைத்ததன் பலன். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் வழக்கம். சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, பெயரும் பீடும் எழுதி வழிதோறும் நட்ட கல். இங்கே எழுதப் பெயர் கிடைக்கவில்லை. எண்பது ஆண்டு கழித்து நட்டார்கள், அவ்வளவு தாமதமாக. ஆனாலும் நட்டார்கள். அந்தக் கல்லின் முன் நின்று தமிழைப் படித்தபோது எனக்கு முதல் முறையாக அந்த ஊரில் மூச்சு சரியாக வந்தது.

பூவும் ஊதுபத்தியும் கொண்டுபோகலாம். கோயில் வாசலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சூடம் ஏற்ற விரும்பினால் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்றும் இடத்தில் கழற்றி, தோள் மூடிய உடையில் போங்கள். இவ்வளவு போதும்.

1990இல் இதே ஊரில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. தொழிலாளர்களை மொத்தமாகப் புதைத்த குழி. காஞ்சனபுரியின் மண்ணுக்கடியில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காட்சியகத்தில் இப்படிப்பட்ட எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், நான் போனபோது. மனித எலும்பைப் பொம்மைக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் காட்சிக்கு வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. உங்கள் அப்பாவை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். அது அவர் பெரியப்பாவாகவே இருக்கலாம்.

மாலையில், வெயில் தாழ்ந்ததும், பாலம். அது 1943இல் கட்டிய பாலம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் நேர்கோட்டுச் சட்டங்கள் கொண்ட இரண்டு பகுதிகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடம், போருக்குப் பிறகு ஜப்பான் ஈடாகச் செய்து தந்தது. இந்த இடத்து ஆற்றுக்குக் குவாய் என்ற பெயரே பின்னால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலம் நிற்பது மே குளோங் ஆற்றின் மேல். குவாய் ஆற்றுப் பாலம் என்ற பெயரில் 1957இல் வந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே என்று கேட்டதால், மே குளோங்கின் மேல்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் படத்தை எடுத்தது இந்த ஊரிலேயே இல்லை. இலங்கையில் கித்துல்கலைக்குப் பக்கத்தில், களனி ஆற்றில் எடுத்தார்கள். உலகத்துக்கு இந்தப் பாதையை அறிமுகப்படுத்தியது அந்தப் படம். அதில் நம் ஆட்கள் இல்லை. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான சுற்றுலா விளம்பரங்களிலும் இல்லை. ஊரில் ஜீத் என்று ஒரு பழைய போர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1977இல் ஒரு கோயில் துறவி தொடங்கியது. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா அல்லது அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். மலேயாவுக்கு அதில் எழுத்து இல்லை. பர்மாவுக்கும் இல்லை, ஜாவாவுக்கும் இல்லை. மூங்கில் குடிசை வடிவில் கட்டிய அந்த இடத்தின் ஓவியங்கள் பார்க்கத் தக்கவை, நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

பாலத்தின் மேல் நடக்கலாம். வண்டி மெதுவாகத்தான் வரும், ஒதுங்கி நிற்க இடையிடையே மேடைகள் உண்டு. என்றாலும் பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. அப்பாவை முதல் மேடை வரை மட்டும் கூட்டிப்போங்கள். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பாலத் திருவிழா நடக்கும். ஒலி ஒளிக் காட்சி, வாணவேடிக்கை, கடைகள். நீங்கள் போகும் நோக்கத்துக்கு அந்த நாட்கள் பொருந்தாது. டிசம்பர் நடுவுக்குப் பிறகு போங்கள், குளிரும் இதமாக இருக்கும்.

பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜப்பானியர் கட்டிய நினைவுத் தூண் இருக்கிறது. கட்டியது 1944இல், அதாவது போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதை போட்ட அதே ஜப்பானிய ரயில்வே படை கட்டியது. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அதில் தமிழும் உண்டு. இதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், இன்றுவரை ஒரே உணர்வாகச் சொல்ல முடியவில்லை. அடித்துக் கொன்றவர்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெற்றி பெற்ற பிரிட்டிஷார், யாருடைய குடிகளாக இவர்கள் மலேயாவில் இருந்தார்களோ அவர்கள், தமிழில் ஒரு வரி எழுதவில்லை. 1946இல் பாதையின் தாய்லாந்துப் பகுதியை அந்த நாட்டுக்கே 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். மன்னிக்கவும் முடியாது, கவனிக்காமல் போகவும் முடியாது. அந்தப் பலகையின் முன் அப்பா நின்றால் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

இரண்டாம் நாள் மலைப்பக்கம். காரோ வேனோ நாள் வாடகைக்கு எடுங்கள், ஹோட்டலிலேயே பேசிவிடலாம். பேருந்தும் உண்டு என்றாலும் 74 வயதுக்காரரை நெடுஞ்சாலையில் நிற்க வைக்க வேண்டாம். ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் வடமேற்கே 323ஆம் நெடுஞ்சாலையில் ஹெல்ஃபயர் பாஸ். தாய்லாந்துக்காரர்கள் சோங் காவ் காட் என்பார்கள், ஓட்டுநரிடம் அப்படிச் சொன்னால்தான் புரியும். மலையைக் கையால் பிளந்த வழி. ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வைக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடித்துத் துளை போடுவான். துளையில் வெடி வைத்துத் தகர்த்து, கல்லைக் கூடையில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டுவார்கள். 1943 ஆகஸ்டுக்குள் பாதை முடிய வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து நெருக்கியதும் இரவிலும் வேலை. மூங்கில் விளக்கும் தீப்பந்தமும் எரிய, எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைந்த காட்சியைப் பார்த்துத்தான் நரகத்தீ என்ற பெயர். பாறைச் சுவரில் உளித் துளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு துளையில் உடைந்த உளியே சிக்கிக்கொண்டு நிற்கிறது. விரலை வைத்துப் பாருங்கள்.

மேலே ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் இருக்கிறது. 1998இல் திறந்தது, கட்டணம் இல்லை, கேட்டுக்கொண்டே நடக்க ஒலிக்கருவி தருவார்கள். மாலை 4 மணிக்கு மூடிவிடுவதால் காலையிலேயே போய்விடுங்கள். கீழே இறங்கப் படிகள் ஏராளம், ஏறி வருவதுதான் கடினம். அப்பாவால் முடியாவிட்டால் மையத்தின் பின்பக்க முகப்பிலிருந்து குவே நொய் என்ற இன்னோர் ஆற்றின் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும், அங்கே உட்காரட்டும். நீங்கள் மட்டும் இறங்கி வாருங்கள். வெட்டு வழியில் யாரும் சத்தம் போடுவதில்லை, மூங்கில் உராயும் ஓசை மட்டும் கேட்கும். இங்கே தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியலில் ஆஸ்திரேலியர் கூடி அஞ்சலி செய்கிறார்கள். வயதான மகன்கள் அப்பாவின் பதக்கத்தை வலது மார்பில் குத்திக்கொண்டு வருவார்கள். நம் குடும்பங்களும் ஆண்டுக்கு ஒரு நாள் வாட் தாவொர்னில் கூட வேண்டும் என்று அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது.

திரும்பும்போது நாம்டோக் என்ற நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள், ஓட்டுநர் காஞ்சனபுரியில் காத்திருப்பார். நாம்டோக்தான் இன்று பாதையின் முடிவு. அதற்கு மேலே தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், கொஞ்சம் அணை நீரில் மூழ்கியும் போனது. காஞ்சனபுரி நோக்கி வரும்போது வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். தாம் கிராசே என்ற இடத்தில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கும். ஒரு பக்கம் பாறை, தொட்டுவிடும் தூரத்தில். மறுபக்கம் ஆறு. நடுவே பாறையை ஒட்டி வளைந்து செல்லும் மரத் தூண்களின் மேல் ரயில் போகிறது. பயணிகள் எல்லாரும் கைபேசியை வெளியே நீட்டுவார்கள். மரங்களைக் காலப்போக்கில் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் தடம் அதே தடம்.

எல்லைக்குப் போகலாமா, தான்பியூசயாட் பார்க்கலாமா என்று கேட்க நினைத்திருந்தால், இப்போது வேண்டாம். அங்கே 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட தோட்டம் இருக்கிறது. மியன்மாரின் இன்றைய நிலையில் வயதானவரோடு போகும் ஊரல்ல.

டோக்கியோ பக்கம் என்றாவது போக நேர்ந்தால் ஒன்றைப் பாருங்கள். பாதை திறந்த அன்று ஓடிய சி56 ரக நீராவி எஞ்சின், 31ஆம் எண், யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியக வாசலில் துடைத்துப் பளபளப்பாக நிற்கிறது. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, பிறந்த வருடம் இருக்கிறது, அது எங்கெல்லாம் ஓடியது என்ற விவரம் இருக்கிறது.

அதனால்தான் ஒரு வேலையைப் புறப்படும் முன் செய்துவிட்டு வாருங்கள் என்கிறேன். அப்பாவுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் முழுப்பெயர், அவர் அப்பா பெயர், இங்கே எந்த ஊர், மலேயாவில் எந்தத் தோட்டம், பக்கத்தில் எந்தப் பட்டணம், யாரோடு போனார், போனவர்களில் யார் திரும்பினார், கடைசிக் கடிதம் எப்போது. நினைவிருப்பது இரண்டே விவரம் என்றாலும் எழுதுங்கள், அவர் குரலிலேயே கைபேசியில் பதிவும் செய்யுங்கள். வீட்டில் பழைய கடிதமோ மணியார்டர் ரசீதோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். மலேசியாவில் பெயர்களைச் சேர்த்துவரும் ஆர்வலர்களுக்கு அனுப்பலாம். இப்படி ஒவ்வொன்றாக வருகிற பெயர்கள்தான் அந்த மதிப்பீட்டைக் கணக்காக மாற்றக் கூடியவை. ரயில்வே மையத்திலும் ஒரு பிரதி கொடுங்கள்.

கடைசியாக, அப்பா எள்ளும் தண்ணீரும் விட நினைத்தால், அவர் சொல்லாவிட்டாலும் நினைப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதற்கு நான் சொல்லும் இடம் சுங்காய். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குவே நொய் கரையிலேயே இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டம். கூட்டமே இருக்காது. போர்க்காலத்தில் அங்கே பெரிய மருத்துவ முகாம் இருந்தது. மேலே காட்டு முகாம்களில் இருந்தவர்கள் குடித்ததும் குளித்ததும் இந்த ஆற்றுத் தண்ணீரில்தான், அது இந்த வழியாகத்தான் இறங்கி வருகிறது. எள்ளை ஊரிலிருந்தே ஒரு சின்னப் பொட்டலமாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே தேடி அலைய வேண்டாம். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் படகுச் சத்தம் இருக்காது. கரை சரிவாக இருக்கும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.